கரையில் யாரும் இருக்க மாட்டார்கள்

தூத்துக்குடி,
6 ஆகஸ்ட் 2023

அன்புத் தம்பி அமலனுக்கு,

தோத்திரம். இந்தச் சொல் இப்போது உனக்குப் பிடிக்காது என்று தெரியும். கைப்பழக்கத்தில் எழுதிவிட்டேன், அடிக்க மனம் வரவில்லை. நானும் அம்மாவும் நலம். நீ நலமா? சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? உன் தோளில் இருந்த படை இந்தப் புழுக்கத்தில் கூடியிருக்குமே, மருந்து ஏதும் தருகிறார்களா?

வியாழக்கிழமை உன்னைப் பார்க்க மனுப் போட்டுவிட்டு நானும் அம்மாவும் மதியம் வரை சிறை வாசலில் உட்கார்ந்திருந்தோம். காவலர் வந்து, "உங்க தம்பி வரமாட்டேன்னுட்டாம்மா" என்றார். அம்மா, "தூங்குதானோ என்னமோ, எழுப்பாண்டாம் சார்" என்றாள். உனக்காக வாங்கிய ஆரஞ்சுகளை பஸ்ஸில் பக்கத்தில் இருந்த குழந்தைக்குக் கொடுத்துவிட்டாள்.

முகம் காட்ட மாட்டாய் என்றால் எழுதித்தான் பேச வேண்டும். படித்துப் பார்த்துத்தான் உன்னிடம் தருவார்களாம். படிக்கிறவர் படிக்கட்டும். ஊருக்கே தெரிந்ததைத்தான் எழுதுகிறேன்.

ஜூலை பதினாறாம் தேதி மாலை சந்தியாகப்பர் கோயிலில் கொடியேற்றம் நடந்துகொண்டிருந்தபோது, கம்பெனிக்காரர்கள் ஊருக்குக் கொடுத்த புது பைபர் வள்ளங்கள் கரையில் எரிந்தன. நம் கரையில் கப்பல் ஜெட்டி கட்ட வரும் கம்பெனி, கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு முன்னால் வள்ளம் கொடுப்பது லஞ்சம் என்று நீ வீட்டில் சொல்லியிருக்கிறாய். அது தப்பென்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. நீயும், உங்கள் வாசக வட்டத்தை நடத்திய ஜீவமணி சாரும், உன் கூட்டாளி நவாஸும் கைதாகியிருக்கிறீர்கள். நவாஸின் பைக் பனங்காட்டுக்குள் நின்றதாம்.

கடைசி வள்ளத்தில் தார்ப்பாய்க்குக் கீழே மரியான் அண்ணன் படுத்திருந்தார். பெரியாஸ்பத்திரியில் தீக்காயப் பிரிவில் இருக்கிறார். நெஞ்சும் இரண்டு கைகளும் வெந்துவிட்டன. அவர் மனைவி ஞானசௌந்தரி அக்கா அந்த வார்டு வாசலிலேயே கிடக்கிறாள்.

நீ அவரைப் பற்றிக் கேட்பாய் என்று நினைத்துத்தான் இதை முன்கூட்டியே எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
விஜிலா


மத்திய சிறை,
27 ஆகஸ்ட் 2023

அக்காவுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. அம்மாவை இங்கே அழைத்து வராதே. ஒருவனை உடைப்பதற்கு அரசு கையில் இருக்கும் மலிவான ஆயுதம் தாயின் அழுகை என்று ஜீவமணி சொல்வார். நாங்கள் இருவரும் ஒரே பிளாக்கில் இருக்கிறோம். படிப்பும் பேச்சுமாகப் பொழுது போகிறது.

எங்களைத் தீவிரவாதிகள் என்று பேப்பரில் போட்டிருந்ததை இங்கே ஒருவர் சத்தமாகப் படித்துக் காட்டினார். தீவிரவாதம் எங்கிருந்து வருகிறது என்று உனக்குத் தெரியாதா? சரித்திரப் புத்தகங்களை எனக்கு முதலில் கொடுத்தவளே நீதான். சிலுவை வந்த கப்பலில்தான் பீரங்கியும் வந்தது. கடவுள் பெயரால் எரிக்கப்பட்ட ஊர்களைக் கணக்கெடுக்க ஆள் கிடையாது. கடவுள் இல்லை என்கிறவன் யார் பெயரால் எரிப்பான்? சொர்க்கத்தை எதிர்பார்க்காதவனுக்குக் கொல்வதற்கு என்ன காரணம் இருக்கிறது?

நாங்கள் எரித்தது லஞ்சமாக வந்த பிளாஸ்டிக்கை. செய்ததை நாங்கள் மறைக்கவில்லை, இதை யார் படித்தாலும் கவலையில்லை. பக்தி எதை மூடி மறைக்கிறது என்று ஊர் பார்க்க வேண்டும் என்றுதான் கொடியேற்ற நாளைத் தேர்ந்தெடுத்தோம். அதில் எதிர்பாராத சேதம் ஏற்பட்டது. எந்தப் போராட்டத்திலும் அது உண்டு.

கூட யார் வந்தார், யார் வரவில்லை என்பதை மட்டும் கோர்ட்டில் சொல்வதில்லை. இந்த நீதிமன்றத்துக்கு விளக்கம் கொடுக்கக் கூடாது என்பது வட்டத்தின் முடிவு.

படிக்க ஏதாவது அனுப்பு. சாமி படம் போட்ட கவரில் அனுப்பாதே.

அமலன்


தூத்துக்குடி,
17 செப்டம்பர் 2023

அன்புத் தம்பிக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல். அம்மா எப்படி இருக்கிறாள் என்று நீ கேட்கவில்லை, எழுதும் வேகத்தில் விட்டுப்போயிருக்கும். நன்றாக இருக்கிறாள். ஊர்க் கமிட்டி நம்மை விலக்கி வைத்துவிட்டது. குழாயில் குடம் வைத்தால் அடுத்த பெண் எடுத்து ஓரமாக வைத்துவிடுகிறாளாம். அதனால் அம்மாவை இங்கே என் வாடகை அறைக்கே கூட்டி வந்துவிட்டேன். துறைமுகச் சாலையில் லாரிச் சத்தம் தாங்கவில்லை என்கிறாள்.

தீவிரவாதம் எங்கிருந்து வருகிறது என்று நீ கேட்ட கேள்வியைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். அம்மாவைக் கூட்டி வரப் போன ஞாயிற்றுக்கிழமை, பூசையில் சாமியார், "கடவுளை விட்டவன் கைக்கு எல்லை கிடையாது" என்று பிரசங்கம் வைத்தார். டீக்கடையில், படிக்கிற பிள்ளைகளை அரசியல் கெடுத்துவிட்டது என்கிறார்கள். டிவிக்கு அந்தச் சந்தேகமே இல்லை. கைதானது மூன்று பேர், காட்டுவது நவாஸின் படத்தை மட்டும். போன வருடம் நீங்கள் எடுத்துக்கொண்ட படம்தான் அது. மற்றவர்களை வெட்டிவிட்டதால் அவன் கை நீண்டுபோய் ஓரத்தில் சட்டென்று முடிகிறது. அந்தக் கை கிடந்தது உன் தோள்மேல்.

எனக்குப் பதில் தெரியவில்லை. கடவுளை மறுத்த அரசுகள் கட்டிய முகாம்களைப் பற்றியும் நான் உனக்குப் புத்தகம் தந்தேன், அதை நீ பாதியில் திருப்பிக் கொடுத்தாய். இதையெல்லாம் படிக்கப் படிக்க ஒன்றுதான் தோன்றுகிறது. காரணம் எப்போதும் அடுத்தவன் வீட்டில்தான் இருக்கிறது. எங்கள் கப்பல் ஏஜென்சியில் தினமும் சரக்குச் சீட்டு அடிக்கிறேன். கன்டெய்னரை நாங்கள் யாரும் திறந்து பார்ப்பதில்லை. 'உள்ளே இன்னது இருப்பதாகச் சொல்லப்படுகிறது' என்று எழுதி முத்திரை போட்டு அனுப்பிவிடுவோம். மனிதர்களையும் இப்போது அப்படித்தான் அனுப்புகிறார்கள்.

ரம்ஜானுக்குப் பிறகு நவாஸ் வட்டத்துக்கு வருவதில்லை என்று நீயே என்னிடம் சொன்னாய். அன்று அவன் வந்தானா? இதை நான் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். தவக்காலத்தில் மரியான் அண்ணனின் அம்மா இறந்தபோது நீ பெட்டிக்குத் தோள் கொடுத்தாய். துக்க வீட்டுக்காரர்கள் அந்த வருடம் கொடியேற்றத்துக்குப் போக மாட்டார்கள், பலகாரம் சுட மாட்டார்கள். கோயில் மணிச் சத்தம் வீட்டில் இருந்தால் மனதை என்னவோ செய்கிறது என்று அவர் கரைக்குப் போய்ப் படுத்தாராம். ஊரில் பிறந்த உனக்கு இது தெரியாமல் எப்படிப் போனது?

அவருக்கு இடது கையில் விரல்களை எடுத்துவிட்டார்கள்.

காய்ச்சல் சீசன், கொதித்த தண்ணீர் கேட்டு வாங்கிக் குடி.

அக்கா


மத்திய சிறை,
8 அக்டோபர் 2023

அக்காவுக்கு,

புத்தகங்கள் கிடைத்தன. முகாம்களைப் பற்றிய புத்தகத்தையே மறுபடியும் வைத்திருக்கிறாய். ஜீவமணி புரட்டிப் பார்த்துவிட்டு, எதிரிகள் எழுதிய சரித்திரம் என்றார்.

நவாஸ் விலகியது உண்மை. தொழுகையையும் விடமாட்டேன், வட்டத்திலும் இருப்பேன் என்றான். ஜீவமணி அவனை 'அஞ்சு வேளைத் தோழர்' என்பார். எல்லோரும் சிரிப்போம், அவனும் சேர்ந்து சிரிப்பான். ஒருநாள் சிரிக்காமல் எழுந்து போய்விட்டான். இப்போது அவன் ஒருவனைக் காப்பாற்ற நாங்கள் இந்தக் கோர்ட்டில் கைகட்டி நின்று வாய் திறந்தால் எல்லாமே விலைபோய்விடும். மூன்று பேரில் ஒருவன் நிரபராதி என்று தெரிந்தும் உள்ளே வைத்திருக்கிறது அரசு. அந்த அவமானம் அரசுக்கு.

துக்க வீடு, கொடி, தீட்டு என்கிற கணக்குகளையெல்லாம் நான் எப்போதோ தலையிலிருந்து இறக்கி வைத்துவிட்டேன். அதைக் கேட்டு எழுதாதே.

அமலன்


தூத்துக்குடி,
29 அக்டோபர் 2023

தம்பிக்கு,

நானும் அம்மாவும் நலம். நீ மெலிந்திருக்கிறாய். போன வாரம் காவல் நீட்டிப்புக்காகக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்தபோது பார்த்தேன். நீ என்னைப் பார்த்துவிட்டு, பார்க்காதவன் போல வண்டியில் ஏறினாய்.

நீ போன பிறகு நடந்ததை எழுதுகிறேன். வேப்பமரத்தடியில் நவாஸின் உம்மா ஜமீலா தனியாக நின்றிருந்தார். நான் ஒதுங்கிப் போகப் பார்த்தேன். அவரே வந்து என் கையைப் பிடித்தார்.

"நீ விஜிலாதான? அம்மாக்கு இப்ப உடம்பு எப்படிம்மா இருக்கு?"

"நல்லாருக்காங்க" என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ். எம் மவன் ஒவ்வொரு தடவையும் அதத்தான் கேக்கான். 'அம்மாக்கு மூச்சுத்திணறுது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவணும்னு அமலன் பைக்க வாங்கிட்டுப் போனான் உம்மா, அப்பறம் என்னாச்சுன்னே தெரியல, கேட்டுச் சொல்லுங்க'ங்கான். தன் கெதி என்னாவும்னு ஒரு வார்த்த கேக்கலம்மா, கிறுக்குப் பய."

பைக்கை இரவல் கொடுத்தேன் என்று போலீஸிடமும் அவன் சொல்லியிருக்கிறான். வாங்கினவன் சொல்லட்டும், பிறகு நம்புகிறோம் என்கிறார்களாம்.

ஜூலை பதினாறாம் தேதி அம்மா குசினியில் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தாள். அவள் மூச்சுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. ஜமீலாவிடம் நான் அதைச் சொல்லவில்லை. கையை விடுவித்துக்கொண்டு வந்து பஸ் ஏறினேன்.

அம்மாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று இப்போது தோன்றுகிறது. "என் பேரச் சொல்லியா?" என்று ஒரு தடவை கேட்டாள்.

அமலா, நீ எந்தக் கொள்கையை வைத்துக்கொண்டாலும் எனக்குச் சண்டையில்லை. 'பைக்கை நான்தான் வாங்கினேன், அவன் வரவில்லை' என்று ஒரு வாக்கியம் சொல். அந்த ஒரு வாக்கியம் போதும்.

அக்கா


தூத்துக்குடி,
26 நவம்பர் 2023

அமலனுக்கு,

நீ நலமா? பதில் வரவில்லை. இதையும் எழுதி அனுப்புகிறேன்.

மரியான் அண்ணன் பதினைந்தாம் தேதி இறந்துவிட்டார். வக்கீல் உன்னிடம் சொல்லியிருப்பார். கேஸ் இனிமேல் வேறு என்று எனக்கும் சொன்னார். இப்போது வாய் திறந்தால் உனக்கு என்ன ஆகும் என்றும் சொன்னார். அதை உன்னிடம் மறைத்துக் கேட்க நான் விரும்பவில்லை.

அடக்கத்துக்கு நானும் அம்மாவும் போனோம். உள்ளே விடமாட்டார்கள் என்பதால் கல்லறைத் தோட்டத்தின் சுவருக்கு வெளியே நின்றோம். அம்மா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றாள். மண் போட வேண்டும் என்று ஒரு பிடி எடுத்தாள். போட முடியாமல் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு முக்கு வரைக்கும் நடந்து வந்தாள்.

முக்கில் பஸ்ஸுக்கு நின்றபோதுதான் அது நடந்தது. நவாஸின் மாமா வைத்திருக்கும் கயிற்றுக் கடை தெரியுமே. அடக்கம் முடிந்த கையோடு நம் ஊர்ப் பையன்கள் அங்கே வந்துவிட்டார்கள். எல்லாம் நமக்குத் தெரிந்த முகங்கள். கிளைட்டன் கையில் கேன் இருந்தது. "அந்த நவாஸுக்குக் காட்டணும்ல" என்று ஒருவன் கத்தினான். ஷட்டர் இறங்கியிருந்தது. ஷட்டருக்குக் கீழே மண்ணெண்ணெயை ஊற்றினார்கள். பக்கத்துக் கடைக்காரர்கள் தங்கள் ஷட்டரையும் இறக்கினார்கள். நானும் அம்மாவும் பார்த்துக்கொண்டுதான் நின்றோம். என் வாயிலிருந்து சத்தம் வரவில்லை. அதை எழுதாமல் விட முடியாது.

அப்போது ஞானசௌந்தரி அக்கா வந்தாள். புருஷனை அடக்கிய அன்று வீட்டுப் படி தாண்டக் கூடாது. அவள் நடுரோட்டில் வந்தாள். தலைமுடி முடியப்படாமல் கிடந்தது. யார் சொல்லி வந்தாள் என்று தெரியாது.

"ஏல கிளைட்டா, உள்ள ஆள் கெடக்கான்னு பாத்தியால?"

"சித்தி, நீங்க வீட்டுக்குப் போங்க. சித்தப்பாவுக்காகத்தான் செய்யுதோம்."

"அவியளுக்காவயா? அவியட்ட கேட்டியா? அவியளும் இப்பிடித்தாம்ல உள்ள கெடந்தாவ. ஒரு பய குனிஞ்சு பாக்கல. நீ குனிஞ்சு பாருல. தட்டிப் பாரு. ஆள் இருக்கான்னு கூப்புட்டுக் கேளு."

கிளைட்டன் கேனைப் பிடித்தபடியே நின்றான். அவள் போய் ஷட்டரைத் தானே தட்டினாள். "உள்ள யாரும் இருக்கியளா? யய்யா, யாரும் இருக்கியளா?" என்று குரல் கொடுத்தாள். பையன்கள் ஒவ்வொருவராகப் பின்னால் நகர்ந்தார்கள். எங்கள் பஸ் வந்துவிட்டது.

அக்கா


மத்திய சிறை,
9 டிசம்பர் 2023

அக்காவுக்கு,

கடைக்குள் யாரும் இருந்தார்களா?

அமலன்


தூத்துக்குடி,
31 டிசம்பர் 2023

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் பிழைத்துக் கிடக்கிறோம். நீ சுகமா? வெள்ளம் வடிந்து தபால் ஓட ஆரம்பித்த பிறகுதான் உன் கடிதம் வந்தது. நனைந்து காய்ந்த தாள். ஒரே ஒரு வரி என்பதால் படிக்க முடிந்தது. மாடி அறை என்பதால் எங்களுக்குச் சேதமில்லை. கீழ்வீட்டுக்காரர்கள் நான்கு நாள் எங்களோடு இருந்தார்கள். அம்மா எல்லோருக்கும் கஞ்சி வைத்தாள்.

நீ கேட்டதற்குப் பதில்: இல்லை. கடைக்குள் யாரும் இருக்கவில்லை. வெளியே பூட்டித்தான் இருந்தது. மறுநாள் கடைக்காரரே சொன்னார். ஞானசௌந்தரி அக்கா தட்டியது காலிக் கடையை.

காயல்பட்டினத்தில் நவாஸ் வீட்டுத் தெருவில் நெஞ்சளவு தண்ணீர். ஜமீலாவும் மகள் ஸஹ்லாவும் ஒன்றரை நாள் மொட்டைமாடியில் இருந்திருக்கிறார்கள். இறக்கிக்கொண்டு வந்தது நம் ஊர் வள்ளம். அதில் போனவர்களில் கிளைட்டனும் உண்டு. எந்தக் கையில் மண்ணெண்ணெய்க் கேன் இருந்ததோ அந்தக் கையைப் பிடித்துத்தான் ஜமீலா இறங்கியிருக்கிறார். யார் வீடு என்று தெரிந்து போனானா, தெரியாமல் போனானா என்று தெரியவில்லை. வீட்டுக்கு வீடு குரல் கொடுத்துக் கேட்டுக்கொண்டே போனார்களாம், உள்ளே யாரும் இருக்கிறீர்களா என்று. மாதக்கணக்கில் காரணம் தேடிக்கொண்டிருந்தேன். இப்போது அந்தப் புத்தகங்களை எடுக்கவே தோன்றவில்லை.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "கேட்டிருக்கான்" என்றாள். இரவு சாப்பிடும்போது மறுபடியும், "கேட்டிருக்கான்ளா" என்றாள்.

குளிருக்குப் போர்வை வேண்டுமானால் எழுது.

விஜிலாக்கா


மத்திய சிறை,
11 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ நலமா? அம்மா நலமா? சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா? ஞானசௌந்தரி அக்கா எப்படி இருக்கிறாள்? அவளுக்கு யார் துணை? வெள்ளத்துக்குப் பிறகு நவாஸின் உம்மாவும் ஸஹ்லாவும் வீடு திரும்பிவிட்டார்களா? தோளில் படை ஆறிவிட்டது. முதல் கடிதத்திலேயே கேட்டிருந்தாய்.

போன மாதக் கடைசியில் நீதிபதியிடம் பேச வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். கூப்பிட்டார்கள். நவாஸ் வரவில்லை, அவனுக்கு எதுவும் தெரியாது, பைக்கைப் பொய் சொல்லி வாங்கினேன் என்றேன். என்ன பொய் என்று கேட்டார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னேன் என்றேன். தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் ஊழியர் கையை எடுத்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார். அப்புறம் அதையும் தட்டச்சு செய்தார்.

மரியான் அண்ணனைப் பற்றியும் சொன்னேன். அவர் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். உன்னிடமும் சொல்லிவிடுகிறேன். பனங்காட்டில் நின்றபோது ஜீவமணி கேட்டார், "கரைல யாரும் இருப்பாங்களா?" என்று. அவர் வெளியூர்க்காரர். கேட்டது அவர். ஊர்க்காரன் நான்தான், "கொடியேத்தத்தன்னைக்கு யாரும் இருக்க மாட்டாங்க" என்றேன். யோசிக்கக்கூட இல்லை. மரியான் அண்ணனின் அம்மாவுடைய பெட்டியின் பாரம் என் தோளில் இருந்திருக்கிறது. துக்க வீட்டு ஆள் கோயிலுக்கு வர மாட்டார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் மறந்தேன் என்று சொல்லிக்கொள்ளவும் முடியவில்லை. ஊர் என்றால் அப்போது எனக்கு ஒரு கூட்டம்தான். யார் வீட்டில் சாவு, யார் வீட்டில் கல்யாணம் என்பதெல்லாம் அதிலிருந்து உதிர்ந்துபோயிருந்தது. உதிர்ந்ததைத்தான் தெளிவு என்று நினைத்தேன்.

தீவிரவாதம் எங்கிருந்து வருகிறது என்று நான் ஆரம்பத்தில் எழுதிய கேள்விக்கு இப்போது என்னிடமும் பதில் இல்லை. நான் இன்னும் கடவுளை நம்பவில்லை. கம்பெனி கொடுத்தது லஞ்சம் என்பதிலும் மாற்றம் இல்லை. அதற்காக இதைச் செய்தேன் என்று மட்டும் இப்போது சொல்ல வரவில்லை.

ஜீவமணி என்னைத் திட்டவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, அவ்வளவுதான். இருமினால் தண்ணீர் கொடுக்கிறேன். வாங்கிக் குடிக்கிறார்.

எத்தனை வருடம் என்று தெரியாது. வக்கீல் குறைத்துச் சொல்கிறார் என்று நினைக்கிறேன்.

ஞானசௌந்தரி அக்காவுக்கு ஒரு கடிதம் எழுதலாமா? கேட்டுச் சொல். அடுத்த மனுவுக்கு அம்மா வந்தால் நான் வெளியே வருகிறேன்.

உங்கள் எல்லோர் நலனையும் விசாரிக்கும்,
அமலன்


தூத்துக்குடி,
21 ஏப்ரல் 2024

அன்புத் தம்பி அமலனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தை மார்ச் மாதம் கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து நேரிலேயே பார்த்துவிட்டோம். அம்மா அன்றிலிருந்து கொஞ்சம் சாப்பிடுகிறாள். அவள் உன்னிடம், "பல்லு வெளக்குதியா?" என்று கேட்டதை நினைத்து நான் பஸ்ஸில் சிரித்துவிட்டேன். பிறகு அழுதேன்.

ஞானசௌந்தரி அக்காவிடம் கேட்டேன். கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னை உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. கடைசிக் கருவாட்டையும் புரட்டிய பிறகு, "எழுதாண்டாம்னு சொல்லு" என்றாள். "வந்தா கிழிக்கவும் மாட்டேன், படிக்கவும் மாட்டேன். அது பாட்டுக்கு வீட்ல கெடக்கும். எனக்கு அது தாங்காது விஜிலா." அதனால் எழுதாதே. அவளை நாம் இனி எதுவும் கேட்கக் கூடாது. ஜூலையில் கொடியேற்றம் வருகிறது. இந்த வருடமும் அந்த வீட்டிலிருந்து யாரும் போக மாட்டார்கள்.

நவாஸ் பெருநாளுக்கு முந்தின வாரம் பிணையில் வந்தான். வழக்கிலிருந்தே விடுவிக்கக் கேட்டு மனுப் போட்டிருக்கிறார்கள், நடக்கும் என்கிறார் வக்கீல். டிவியில் அவன் வெளியே வந்ததைக் காட்டவில்லை.

நேற்று இங்கே வந்திருந்தான். நான் எதிர்பார்க்கவில்லை. முன்வழுக்கை விழுந்திருக்கிறது, இருபத்துமூன்று வயதில். கையில் அவன் உம்மா இனிப்பாகச் செய்து கொடுத்தனுப்பிய வட்டிலப்பம், தூக்குச்சட்டியில். செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் மாடிப்படியிலேயே நின்றான். நீ கோர்ட்டில் சொன்னதெல்லாம் அவனுக்குத் தெரியும். என்ன சொல்லிப் பைக்கை வாங்கினாய் என்பது எல்லோர் முன்னாலும் வாசிக்கப்பட்டிருக்கிறது. உன்னைப் பற்றிக் கேட்பான், அல்லது கேட்காமலே போய்விடுவான் என்று நினைத்தேன்.

அம்மா உள்ளேயிருந்து வந்தாள். அவனைப் பார்த்ததும் கதவைப் பிடித்துக்கொண்டாள். கீழே ஒரு கன்டெய்னர் லாரி போய் ஜன்னல் அதிர்ந்து அடங்கியது.

"உடம்பு இப்ப எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டான்.

அம்மா அவன் கையிலிருந்த தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டாள்.

"இப்ப பரவால்லய்யா" என்றாள். "நடுவுலதான் ரொம்ப மோசமாயிருந்திச்சு."

விஜிலா